கம்பெனி கார்களை எலக்ட்ரிக்குக்கு மாற்ற, டிரிப் ஷீட்டிலிருந்து தொடங்குங்கள்

கோவையில் பம்ப் செட் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் அட்மினும் டிரான்ஸ்போர்ட்டும் என் பொறுப்பு. ஏர்போர்ட் பிக்கப், திருப்பூர், பொள்ளாச்சிப் பக்கமிருந்து ஆட்களை ஏற்றி வரும் ஸ்டாஃப் வண்டி, டீலர்கள் இருக்கும் ஊர்களுக்கு ஓடும் சர்வீஸ் இன்ஜினியர் கார், விருந்தினர் வந்தால் ஊட்டி என்று எல்லாமே எங்கள் ஷெட்டிலிருந்துதான் கிளம்பும். அவற்றில் பெரும்பகுதியை எலக்ட்ரிக்குக்கு மாற்றிவிட்டோம்.

மற்ற கம்பெனிகளில் இதே வேலை பார்க்கும் நண்பர்கள் போன் செய்தால் முதலில் கேட்பது, "எந்தக் கார் வாங்கலாம்?" அது கடைசிக் கேள்வி. முதல் கேள்வி, வண்டி ராத்திரி எங்கே நிற்கிறது? அடுத்தது, ஒரு நாளில் அதிகபட்சம் எவ்வளவு ஓடுகிறது? இந்த இரண்டுக்கும் பதில் கையில் இருந்தால், எந்த வண்டி, எத்தனை சார்ஜர், எவ்வளவு மிச்சம் என்பதெல்லாம் கணக்கிலேயே வந்துவிடும்.

மூன்று மாத டிரிப் ஷீட்

குறைந்தது மூன்று மாத டிரிப் ஷீட்டை (எந்த வண்டி, எங்கே, எத்தனை கிலோமீட்டர் போனது என்று எழுதும் தாள்) எடுத்து மேசையில் போடுங்கள். அதில் உங்கள் தொழிலின் சீசன் மாதம் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். எங்களுக்கு அது மார்ச் முதல் மே வரை. கிணற்றில் தண்ணீர் இறங்கும் நேரம், மோட்டார் எரியும் நேரம், சர்வீஸ் வண்டிகள் ஓயாமல் ஓடும் நேரம். சாதாரண மாதத்தை மட்டும் பார்த்து வண்டி வாங்கினால் சித்திரை வெயிலில் மாட்டிக்கொள்வீர்கள்.

ஒவ்வொரு வண்டிக்கும் மூன்று விஷயங்களை எழுதுங்கள்: ஓடிய நாட்களிலேயே மிக நீண்ட நாள் எத்தனை கிலோமீட்டர், பகலில் காம்பவுண்டுக்குள் சும்மா நிற்கும் நேரம் எவ்வளவு, ராத்திரி எங்கே நிற்கிறது. சராசரியைப் பார்க்காதீர்கள். சராசரி 90 கிலோமீட்டர் என்று காட்டும் வண்டி, வாரம் ஒரு நாள் மதுரை போய்த் திரும்பி 430 ஓடியிருக்கும்.

இப்போது வண்டிகள் தானாக மூன்று கட்டாகப் பிரியும். தினமும் 120, 130 கிலோமீட்டருக்குள் ஓடி ராத்திரி ஷெட்டுக்குத் திரும்புபவை முதல் கட்டு. இவற்றை யோசிக்காமல் மாற்றலாம். சில நாள் 200-ஐத் தாண்டினாலும் நடுவில் ஒரு டீலர் கடையிலோ வேறு தொழிற்சாலையிலோ இரண்டு மணி நேரம் நிற்பவை இரண்டாவது கட்டு. இவற்றுக்குப் பெரிய பேட்டரி வேண்டும், வழியில் சார்ஜ் செய்யும் இடமும் முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும். "உடனே ஓசூர் கிளம்பு" என்று சொன்னால் கிளம்ப வேண்டியவை மூன்றாவது கட்டு. இவை இப்போதைக்கு டீசலாகவே இருக்கட்டும். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றியே தீர வேண்டும் என்ற பிடிவாதம்தான் பல இடங்களில் இந்த வேலையைக் கெடுக்கிறது.

கார் கம்பெனி சொல்லும் ரேஞ்சை (ஒரு முழு சார்ஜில் ஓடும் தூரம்) அப்படியே எழுதாதீர்கள். அது சோதனைச்சாலை எண். நாலு பேர், ஏ.சி., அவிநாசி ரோடு டிராஃபிக் எல்லாம் சேர்ந்தால் அதில் மூன்றில் இரண்டு பங்குதான் கைக்கு வரும். 315 என்று சான்றிதழ் சொன்னால் 210 என்று வையுங்கள். அதிலும் டிரைவர் மனநிம்மதியோடு ஓட்ட ஒரு 30 கிலோமீட்டரை ஒதுக்கினால் மீதி 180. இந்த 180-ஐத்தான் டிரிப் ஷீட்டோடு பொருத்திப் பார்க்க வேண்டும்.

இதில் அரசாங்கமே பட்ட அனுபவம் உண்டு. மத்திய அரசின் மின்சிக்கன நிறுவனமான ஈ.ஈ.எஸ்.எல். அரசு அலுவலகங்களுக்காக 10,000 எலக்ட்ரிக் கார்கள் வாங்க 2017-ல் டெண்டர் விட்டது. அந்தக் காலத்து பேட்டரி சின்னது. கார்கள் டெல்லியில் ஓடத் தொடங்கியதும், ஓட்டத்தூரம் போதவில்லை என்று அதிகாரிகள் சொன்ன புகார் செய்தித்தாள் வரை வந்தது. இன்றைய வண்டிகளில் பேட்டரி அதைவிடப் பெரிது. ஆனாலும் வேலைக்கும் வண்டிக்கும் பொருத்தம் பார்க்காமல் வாங்கினால் இன்றும் அதே புகார்தான் வரும்.

இ.பி. பில்லைப் பார்க்காமல் சார்ஜர் வாங்காதீர்கள்

இந்த மாற்றத்தில் வண்டியைவிட மின்சாரத்துக்குத்தான் அதிக யோசனை தேவை. எங்கள் பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி, வண்டி வருவதற்கு முன்பே பெரிய ஃபாஸ்ட் சார்ஜர் ஒன்றை வாங்கி வாசலில் நிறுத்தியது. பார்க்கக் கம்பீரமாகத்தான் இருந்தது. ஓடும் நாலு கார்களுக்கு அது தேவையே இல்லை.

கணக்கைப் பாருங்கள். ஒரு செடான் அளவு எலக்ட்ரிக் கார் பேட்டரியின் ஒரு யூனிட்டுக்கு (ஒரு கிலோவாட் மணி) சுமார் 7 கிலோமீட்டர் ஓடும். 120 கிலோமீட்டருக்கு 17 யூனிட். சார்ஜ் ஆகும்போது வீணாவதையும் சேர்த்தால் சுவரிலிருந்து 19, 20 யூனிட் இழுக்கும். சாதாரண 16 ஆம்பியர் பாயிண்டில் 3.3 கிலோவாட் கிடைக்கும், ஆறு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். ராத்திரி 10 மணிக்கு மேல் காலை 5 மணி வரை நிற்கும் வண்டிக்கு இது தாராளம். ஆகவே முதல் கட்டு வண்டிகளுக்கு ஆளுக்கொரு 16 ஆம்பியர் பாயிண்ட், அவசரத்துக்கு 7.4 கிலோவாட் ஏ.சி. (மாறுமின்னோட்ட) சார்ஜர் ஒன்றோ இரண்டோ போதும். ஒரே வண்டி இரண்டு ஷிஃப்டும் ஓடினால் மட்டும் டி.சி. (நேர்மின்னோட்ட) ஃபாஸ்ட் சார்ஜரைப் பற்றி யோசியுங்கள்.

நேரம் இன்னொரு முக்கிய விஷயம். தமிழ்நாட்டில் ஹெச்.டி. (உயர் மின்னழுத்த) தொழிற்சாலை இணைப்புக்குக் காலை 6.30 முதல் 10.30 வரையும் மாலை 6 முதல் 10 வரையும் பீக் ஹவர். அந்த நேரத்து யூனிட்டுக்கு 25 சதவீதம் கூடுதல். இரவு 10 முதல் காலை 5 வரை 5 சதவீதம் தள்ளுபடி. வண்டிகள் மாலை ஆறரைக்கு ஷெட்டுக்கு வந்ததும் டிரைவர்கள் பழக்கத்தில் உடனே பிளக்கைச் செருகிவிடுவார்கள். ஆறு வண்டிகளுக்குத் தலா 3.3 கிலோவாட் என்றால் 20 கிலோவாட் லோடு ஒரே நேரத்தில் ஏறும். அதே நேரத்தில் ஃபவுண்டரி ஃபர்னஸும் ஓடினால், மாதத்தின் மேக்ஸிமம் டிமாண்ட் (உச்ச மின்தேவை) அந்தக் கொஞ்ச நேரத்திலேயே பதிவாகிவிடும். மின்வாரியம் அனுமதித்த அளவான சாங்ஷன் டிமாண்டைத் தாண்டினால் அபராதம் தனி. எனவே பேனல் போர்டில் டைமர் வைத்து 10 மணிக்கு மேல்தான் சப்ளை போகும்படி செய்யுங்கள். டைமர் விலை சில ஆயிரம். டிரைவர் எப்போது வேண்டுமானாலும் செருகலாம், கரண்ட் 10 மணிக்குத்தான் வரும். கூரையில் சோலார் இருக்கும் கம்பெனி என்றால், பகலில் நிற்கும் வண்டிக்குக் காலை பத்தரை முதல் மூன்று மணி வரை இன்னொரு நல்ல நேரம்.

ஒயரிங்கில் கை இறுக்காதீர்கள். ஒவ்வொரு பாயிண்டுக்கும் தனி லைன், தனி எம்.சி.பி. (லோடு அதிகமானால் விழும் சுவிட்ச்), தனி ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் விழும் சுவிட்ச்) வேண்டும். சுவரில் இருக்கும் ஏர் கண்டிஷனர் பிளக்கில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு இழுக்கவே கூடாது. வீட்டு ஏ.சி. அவ்வப்போது கட் ஆகி ஓய்வெடுக்கும். கார் ஆறு மணி நேரம் இடைவிடாமல் 15 ஆம்பியர் வரை இழுக்கும், மலிவான சாக்கெட் அதில் உருகிவிடும். இண்டஸ்ட்ரியல் சாக்கெட்டே போடுங்கள். புதிதாகப் போட்ட பாயிண்டில் ஒரு மணி நேரம் சார்ஜ் ஓடியபின் பிளக்கின் வெளிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே எம்.சி.பி.யை இறக்கிவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

எர்த் விஷயம் எங்கள் ஊர்க்காரர்களுக்கு விசேஷமாகப் பொருந்தும். கோவையில் பல இடங்களில் கொஞ்சம் தோண்டினாலே பாறை. கோடையில் மண் காய்ந்தால் எர்த் பிட்டின் (எர்த் கம்பி புதைத்த குழி) ரெசிஸ்டன்ஸ் ஏறும். மோட்டாரும் லைட்டும் அதைப் பொருட்படுத்தாமல் ஓடும். எர்த் சரியில்லை என்றால் கார் சார்ஜர் ஓடாது. சிவப்பு விளக்கு எரியும், உள்ளே ஏதோ டப்பென்று ரிலே விழும், அவ்வளவுதான். சர்வீஸ் சென்டரைக் கூப்பிட்டால் வண்டியைக் கொண்டு வரச் சொல்வார்கள். அதற்கு முன் எலக்ட்ரீஷியனை மல்ட்டிமீட்டரோடு வரச் சொல்லுங்கள். எங்கள் எலக்ட்ரீஷியன் ஒரு முனையை நியூட்ரலிலும் மறுமுனையை எர்த்திலும் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வண்டில ஒண்ணுமில்லீங்க, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல வோல்ட் வருதுங்க. பிட்டுக்குத் தண்ணி ஊத்தி நாளாச்சு." தண்ணீர் ஊற்றியதும் பச்சை விளக்கு வந்தது. பிறகு சார்ஜிங் பாயிண்டுகளுக்கென்றே தனி எர்த் பிட் போட்டு, வாரம் ஒருமுறை தண்ணீர் ஊற்றுவதைத் தோட்டக்காரர் வேலையோடு சேர்த்துவிட்டோம்.

பாயிண்டுகளை எங்கே வைப்பது? மழைத்தண்ணீர் தேங்காத இடம், மேலே ஷீட் கூரை, டீசல் பேரல், அட்டைப்பெட்டி, தெர்மாகோல் குவிக்கும் இடத்திலிருந்து தள்ளி. வெளியேற ஒரே வழி இருக்கும் இடத்தில் அந்த வழியை அடைத்து வண்டி நிற்கக் கூடாது.

டிரைவர் வீட்டில் நிற்கும் வண்டி

இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. விடியற்காலை பிக்கப் இருக்கும் வண்டிகளை டிரைவர்கள் வீட்டுக்கு எடுத்துப்போவது எல்லாக் கம்பெனியிலும் வழக்கம். டீசல் வண்டியில் அதனால் அவருக்கு ஒரு செலவும் இல்லை. எலக்ட்ரிக் வண்டியை அவர் வீட்டில் சார்ஜ் செய்யச் சொன்னால், நாளைக்கு 20 யூனிட் என்ற கணக்கில் இரண்டு மாத பில்லில் ஆயிரம் யூனிட் ஏறும். நம் மாநிலத்தில் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது எல்லோருக்கும் தெரியும். 500 யூனிட்டைத் தாண்டினாலே கீழ்ப்படிகளின் விலையும் மாறும், ஆயிரத்துக்கு மேல் போகும் யூனிட் 11 ரூபாயைத் தாண்டும். இருநூறு, முந்நூறு யூனிட்டுக்குள் குடும்பம் நடத்துகிறவர் தலையில் அந்த பில் வந்து விழும். "யூனிட்டுக்கு எட்டு ரூபாய் தருகிறோம்" என்று அக்கவுண்ட்ஸில் சொல்வார்கள். அது அவருக்குச் செய்யும் அநியாயம். தர வேண்டியது பழைய பில்லுக்கும் புதிய பில்லுக்கும் உள்ள முழு வித்தியாசம்.

இன்னும் நல்ல வழி, வண்டியை ராத்திரி ஷெட்டிலேயே நிறுத்தி, டிரைவர் தன் பைக்கில் வந்துபோக பெட்ரோல் அலவன்ஸ் கொடுப்பது. விடியற்காலை டூட்டி இருப்பவர் படுத்துக்கொள்ள ஃபேனும் பாத்ரூமும் உள்ள ஓர் அறை வேண்டும். அந்த அறையைக் கட்டிக் கொடுத்துவிட்டு எலக்ட்ரிக் கார் வாங்குங்கள் என்று எங்கள் நிர்வாகத்திடம் நான் எழுதியே கொடுத்தேன்.

எந்த வண்டியை முதலில்?

பெரும்பாலான கம்பெனிகளில் முதல் எலக்ட்ரிக் கார் எம்.டி.க்குப் போகும். போட்டோவுக்கு நன்றாக இருக்கும், கணக்குக்கு ஆகாது. முதலில் மாற வேண்டியது அதிகம் ஓடும் வண்டி.

டீசல் லிட்டர் 92 ரூபாய், வண்டி 18 கிலோமீட்டர் கொடுக்கிறது என்று வைத்தால் கிலோமீட்டருக்கு 5 ரூபாய் 10 காசு. எலக்ட்ரிக் வண்டியை உங்கள் ஷெட்டில் ராத்திரி சார்ஜ் செய்து, எல்லாம் சேர்த்து யூனிட் 8 ரூபாய் ஆனால் கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 30 காசு. அதே வண்டியை வெளியே ஃபாஸ்ட் சார்ஜரில் போட்டால் ஜி.எஸ்.டி.யோடு யூனிட் 20 ரூபாயைத் தாண்டும், கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாய் வரை ஆகும். ஆகவே முழுக்க வெளிச் சார்ஜரை நம்பி இந்த மாற்றத்தில் இறங்காதீர்கள்.

ஷெட்டில் சார்ஜ் ஆகும் வண்டி மாதம் 2,500 கிலோமீட்டர் ஓடினால் மாதம் 9,500 ரூபாய் மிச்சம். விலை வித்தியாசம் மூன்றரை லட்சம் என்றாலும் மூன்று வருடத்துக்குச் சற்று மேலே சென்றால் திரும்பிவிடும். மாதம் 800 மட்டும் ஓடும் எம்.டி. வண்டியில் அதே பணம் திரும்ப ஒன்பது வருடத்துக்கு மேல் ஆகும். இந்த இரண்டு வரிகளையும் எழுதிக் காட்டினால் நல்ல எம்.டி. தானே ஒதுங்கி வழிவிடுவார்.

வரி விஷயம் சுருக்கமாக. எலக்ட்ரிக் காருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான், 2019 ஆகஸ்ட் முதல். ஆனால் ஆட்களை ஏற்றும் சிறிய வண்டிக்குக் கட்டிய ஜி.எஸ்.டி.யை இன்புட் கிரெடிட்டாக (நாம் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழித்துக்கொள்வது) எடுக்க முடியாது, பயணிகளை ஏற்றிச் செல்வதே தொழிலாக உள்ளவர்களுக்குத்தான் அது. வருமான வரியில் சாதாரண காருக்குத் தேய்மானம் 15 சதவீதம், எலக்ட்ரிக்குக்கு 40 சதவீதம். ஆடிட்டரிடம் இதை முதலிலேயே பேசுங்கள், பல கணக்குகளில் பழக்கதோஷத்தில் 15 என்றே போட்டுவிடுகிறார்கள். தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸில் 15 சதவீதம் தள்ளுபடி உண்டு. சாலை வரி விலக்கு எந்தத் தேதி வரை என்பதை வண்டி புக் செய்யும் வாரத்தில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் உறுதிசெய்யுங்கள். எலக்ட்ரிக் வண்டிக்கான மத்திய அரசின் ஃபேம் மானியத் திட்டத்தின் இரண்டாம் கட்டம் 2024 மார்ச்சோடு முடிந்தது. அதன்பின் வந்த பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் கார்களுக்கு மானியம் இல்லை, ஷோரூமில் யாராவது மானியக் கதை சொன்னால் எழுதி வாங்குங்கள்.

டிராவல்ஸ் மூலம் ஓடும் வாடகை வண்டிகளுக்கு எலக்ட்ரிக்கில் பச்சை நம்பர் போர்டில் மஞ்சள் எழுத்து. இவற்றுக்கு பெர்மிட் வேண்டாம் என்று 2018-லேயே மத்திய அரசு விலக்கு கொடுத்துவிட்டது. எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று), இன்ஷூரன்ஸ் எல்லாம் வழக்கம்போல் வேண்டும். நம் ஊர் டிராவல்ஸில் ஒரே ஒரு கார் வைத்துத் தானே ஓட்டும் ஓனர்கள் நிறைய. "அடுத்த மாதம் முதல் எலக்ட்ரிக் வண்டி மட்டும்" என்று டெண்டரில் ஒரு வரி சேர்த்தால், பத்து வருடமாக உங்களுக்கு ஓட்டியவர் ஒரே நாளில் வெளியே நிற்பார். அவர் புது வண்டிக்கு மாற நினைத்தால் மூன்று வருட ஒப்பந்தக் கடிதம் கொடுங்கள். வங்கியில் லோன் கேட்க அந்தக் கடிதம் பெரிய பலம். உங்கள் ஷெட்டில் சார்ஜ் செய்துகொள்ள அனுமதித்து, அந்த யூனிட் செலவைக் கழித்துக் கிலோமீட்டர் ரேட் பேசினால் இரண்டு பக்கமும் கட்டுபடியாகும்.

வாரண்டியை வரிவரியாகப் படியுங்கள். "ஆயுள் முழுக்க பேட்டரி வாரண்டி" என்ற விளம்பரம் பெரும்பாலும் தனிநபர் பெயரில் வாங்கும் முதல் ஓனருக்கானது. கம்பெனி பெயரில் அல்லது வாடகை வண்டியாகப் பதிவானால் எத்தனை வருடம், எத்தனை கிலோமீட்டர் என்பதைக் கொட்டேஷனிலேயே எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு சர்வீஸிலும் பேட்டரி ஆரோக்கிய அறிக்கை தர வேண்டும் என்றும் பர்ச்சேஸ் ஆர்டரில் சேர்த்துவிடுங்கள். நாளைக்கு வண்டியை விற்கும்போது அந்தத் தாள்தான் விலை பேசும்.

ஊட்டி ரோடும் டிரைவர்களும்

வண்டி கைக்கு வந்ததும் டிரைவரை ஒரு முழு நாள் காலி வண்டியோடு விடுங்கள். ரீஜென் பிரேக் (வேகம் குறையும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் பிரேக்) காலுக்குப் பழக வேண்டும், சத்தமில்லாத வண்டியை காம்பவுண்டுக்குள் மெதுவாக எடுக்கப் பழக வேண்டும். ஏ.சி.யை அணைக்கச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தாதீர்கள். ஒரு மணி நேரம் ஏ.சி. ஓடினால் போவது ஒன்று, ஒன்றரை யூனிட், பத்து கிலோமீட்டர் ரேஞ்ச். ஏர்போர்ட் வாசலில் ஏப்ரல் மதியம் காத்திருக்கும் மனிதருக்கு அது கொடுக்கத் தகுந்த செலவு. மைலேஜ் இன்சென்டிவ் கொடுத்துக்கொண்டிருந்தால் அதை நிறுத்தாமல் யூனிட்டுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று மாற்றிக் கொடுங்கள்.

மலை ஏறுவது தனிப் பாடம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும் உயரம் ஏறக்குறைய 1,900 மீட்டர். ஆட்களோடு 1,700 கிலோ எடையுள்ள காரை அவ்வளவு உயரத்துக்குத் தூக்க மட்டும் 9 முதல் 10 யூனிட் செலவாகும். தூரத்துக்கான செலவு அதற்கு மேல். கோவையிலிருந்து ஊட்டி 85 கிலோமீட்டர்தான், சமதளத்தில் 12 யூனிட்டில் முடிகிற தூரம். மலை சேரும்போது 22 ஆகிறது. 25 யூனிட் பேட்டரி வண்டியை விருந்தினரோடு அனுப்பினால் ஊட்டி சேரிங் கிராஸ் போவதற்குள் டிரைவருக்கு வியர்த்துவிடும். ஊட்டிக்கு 45 யூனிட்டுக்குக் குறையாத பேட்டரி வண்டியைத்தான் நாங்கள் அனுப்புகிறோம்.

இறங்கும்போது தலைகீழ். மேலே கெஸ்ட் ஹவுஸில் நூறு சதவீதம் நிரப்பிக்கொண்டு கிளம்பக் கூடாது. பேட்டரி நிறைந்திருந்தால் ரீஜென் வேலை செய்யாது, கொண்டை ஊசி வளைவுகளில் முழுச் சுமையும் பிரேக் பேடில் விழும். 80 சதவீதத்தோடு கிளம்பினால் குன்னூர் தாண்டி இறங்க இறங்க சார்ஜ் ஏறுவதை மீட்டரிலேயே பார்க்கலாம்.

பேட்டரி எந்த வகை என்பதை டிரைவருக்கும் சொல்லுங்கள். எல்.எஃப்.பி. (இரும்பு பாஸ்பேட் வகை) என்றால் வாரம் ஒருமுறை நூறு வரை நிரப்பினால்தான் மீட்டர் சரியாகக் காட்டும். என்.எம்.சி. (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் வகை) என்றால் தினசரி 80-ல் நிறுத்துவது நல்லது. பொங்கல் மாதிரி நீண்ட லீவில் பாதி சார்ஜில் விட்டுப் போங்கள். பெரிய பேட்டரி நன்றாக இருந்தும், சின்ன 12 வோல்ட் பேட்டரி இறங்கிவிட்டால் ரிமோட்டில் கதவுகூடத் திறக்காது. லீவில் இருமுறை வாட்ச்மேன் முன்னிலையில் வண்டியை ஆன் செய்துவைக்க ஒருவரை நியமியுங்கள். டயர் டீசல் வண்டியைவிட வேகமாகத் தேயும், அந்தச் செலவையும் பட்ஜெட்டில் போடுங்கள்.

ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் முதல் கட்டு வண்டிகளை ஓட்டிப் பார்த்தபின் இரண்டாவது கட்டுக்குப் போகலாம். மூன்றாவது கட்டு டீசல் வண்டிகளையும் அதே மூச்சில் ஒருமுறை கேள்வி கேளுங்கள். சென்னைக்கு 500 கிலோமீட்டர் கார் எதற்கு? 2023 ஏப்ரலில் வந்தே பாரத் ஓடத் தொடங்கியபின் ஆறு மணி நேரத்துக்குள் சென்ட்ரலில் இறங்கிவிடலாம். எங்கள் சென்னைப் பயணங்களில் பெரும்பகுதி ரயிலுக்கு மாறியதால் இரண்டு வண்டிகளுக்குப் பதில் ஒன்றே போதுமானது. ஓசூர் வண்டி மட்டும் டீசலாக நிற்கிறது. சேலத்தில் நம்பிச் சார்ஜ் செய்ய ஒரு இடம் முடிவானதும், அதன் டிரிப் ஷீட்டையும் மேசைக்கு எடுப்போம்.